மாமாவின் காதும் 31 ஸ்லைடரும்



போன கல்ச்சுரல்ஸ் அன்னைக்கு நீங்க எல்லாரும் மேடையைப் பார்த்துட்டு இருந்தீங்க. நான் மேடைக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன். கூட்டத்துக்கு நடுவுல ஒரு மேஜை போட்டு, அது மேல வரிசை வரிசையா திருகும் பட்டனும் இருக்குமே, அந்த மேஜையத்தான் பார்த்துட்டு இருந்தேன். பாட்டு நல்லா இருந்தா கைதட்டல் பாடினவனுக்குப் போகும். மைக் கூவினா மட்டும் மொத்தக் கூட்டமும் திரும்பி அந்த மேஜையப் பார்த்து "ஓஓஓ"ன்னு கத்தும். அங்க நிக்கிற சவுண்டு அண்ணனுக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை அதுதான்.

அந்த மேஜையில இருக்கிறது பேரு மிக்சர். சாத்தூர் சேவுக்கடையில பொட்டலம் கட்டித் தர்ற மிக்சர் இல்ல, ஆடியோ மிக்சர். அது எப்படி வேலை செய்யுதுன்னு எழுதித் தரச் சொல்லி நம்ம இதழ்ல கேட்டாங்க. எழுத உட்கார்ந்தா என் மாமாவ விட்டுட்டு எழுத முடியல. அதனால ரெண்டையும் சேர்த்தே எழுதுறேன். நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல நான் எழுதின கடைசி கட்டுரை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊர் திருத்தங்கல் பக்கம். சிவகாசியில இருந்து விருதுநகர் போற வழி. எங்க ஏரியாவுல சத்தம்ங்கிறது தொழில். சுத்துப்பட்டுல பாதி வீட்டுல யாராவது ஒருத்தர் பட்டாசு ஆலையில இருப்பாங்க, இல்லன்னா தீப்பெட்டி, இல்லன்னா அச்சாபீஸ். என் அம்மாவோட தம்பி, அதாவது என் தாய்மாமா, சின்ன வயசுல ஒரு பட்டாசு ஆலையில இருந்தாரு. செஞ்ச சரக்குல சாம்பிள் எடுத்து வெடிச்சுப் பார்க்கிற வேலை. அப்புறம் அதை விட்டுட்டு ரேடியோ செட் வெச்சாரு. மத்த ஊர்ல மைக் செட்டுன்னு சொல்றதத்தான் நாங்க ரேடியோ செட்டுன்னு சொல்றோம். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, எல்லாத்துக்கும் மாமாதான்.

பத்தாவது லீவுல இருந்து நான் அவர்கூடப் போவேன். முதல் ரெண்டு வருஷம் எனக்கு ஒரே வேலைதான், வயர் சுத்துறது. முழங்கைக்கும் கைக்கும் நடுவுல முறுக்கிச் சுத்தினா தலையில ஒரு தட்டு விழும். "உள்ள கம்பி ஒடிஞ்சிரும் மருமகனே, அது போற போக்குல சுத்து" என்பாரு. மிக்சர்கிட்ட விட்டது நான் ஈசிஇ சேர்ந்த அப்புறம்தான். "இனி நீ படிச்சவன், தொடலாம்"னு சிரிச்சாரு.

சரி, மிக்சருக்கு வருவோம். முதல் தடவை பார்க்கிறவங்க அதுல இருக்கிற இருநூறு திருகைப் பார்த்தே பயந்துருவாங்க. பயப்பட வேண்டாம். மாமாவோட மிக்சர் 16 சேனல். அப்படின்னா ஒரே விஷயம் 16 தடவை பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்கு. மேல இருந்து கீழ ஒரே ஒரு வரிசையைப் படிக்கத் தெரிஞ்சா போதும், மிச்சம் 15ம் தெரிஞ்ச மாதிரி. சத்தமும் அதே மாதிரி மேல இருந்து கீழ தண்ணி மாதிரி இறங்கி வரும்.

மேல மூணு முள் சாக்கெட் இருக்கும், எக்ஸ்எல்ஆர். ஒரு வயர்ல சிக்னல், இன்னொன்னுல அதே சிக்னல் தலைகீழா, மூணாவது கிரவுண்டு. எதுக்கு ஒரே சிக்னலை ரெண்டு தடவை அனுப்பணும்? மேடையில இருந்து மிக்சருக்கு வர்ற நீளமான வயர், சீரியல் செட்டு பக்கத்துலயும் ஜெனரேட்டர் பக்கத்துலயும் கிடக்கும். அந்த 50 ஹெர்ட்ஸ் கரண்டு இரைச்சல் ரெண்டு வயர்லயும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் உள்ள ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கழிப்பாங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற இரைச்சல் கழிஞ்சு போயிரும், தலைகீழா இருக்கிற குரல் ரெண்டு மடங்கா நிக்கும். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர், காமன் மோட்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். நான் 13 மார்க்குக்கு எழுதின விஷயம் கோயில் வாசல்ல தரையில கிடந்துச்சு.

அடுத்தது கெய்ன். மைக்ல இருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். அதை வோல்ட் கணக்குக்குத் தூக்கணும். 60 டெசிபல் கெய்ன்னா வோல்டேஜ் ஆயிரம் மடங்கு. மொத்த மிக்சர்லயும் முக்கியமான திருகு இதுதான், ஆனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எல்லாரும் கீழ இருக்கிற ஃபேடரைத்தான் தள்ளுவாங்க. கெய்னை அதிகமா வெச்சா சிக்னலோட தலை மேல இடிச்சுத் தட்டையாயிரும், சிவப்பு லைட் எரியும். அதுக்கப்புறம் ஃபேடரை இறக்கினா, கெட்டுப்போன சத்தம்தான் மெதுவாக் கேட்கும். அடிப்பிடிச்ச சால்னாவுல தண்ணி ஊத்தினா வாடை போகுமா? கெய்னைக் கம்மியா வெச்சுட்டுக் கீழ ஏத்தினா, குரலோட சேர்ந்து "ஸ்ஸ்ஸ்"ங்கிற இரைச்சலும் ஏறும். அதனால மாமா பாடகர்கிட்ட முதல்ல கேட்கிறது, "அண்ணே, இருக்கறதுலயே கத்திப் பாடுற வரிய ஒரு தடவை பாடுங்க." "ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" எல்லாம் அவருக்கு வேலைக்கு ஆகாது. ஹலோ சொல்ற குரல் வேற, உச்சத்துல பாடுற குரல் வேற.

கெய்ன் பக்கத்துலயே 48 வோல்ட்னு ஒரு பட்டன் இருக்கும். கண்டென்சர் மைக்குக்கு மைக் வயர் வழியாவே கரண்டு கொடுக்கிறது. நம்ம மேடையில பார்க்கிற பந்து மண்டை மைக் எல்லாம் பெரும்பாலும் டைனமிக் வகை, அதுக்கு இது வேண்டாம். அந்த உருவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கின ஷூர் எஸ்எம்58 வந்தது 1966ல. எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அதையேதான் காப்பி அடிக்கிறாங்க.

அதுக்குக் கீழ ஈக்யூ. மாமா பாஷையில பாஸ், மிட், டிரிபிள். அதுக்கும் கீழ ஆக்ஸ். இது ஒரு அருமையான விஷயம். மேடையில பாடுறவங்களுக்குத் தங்க குரல் கேட்கணும்னு அவங்க காலடியில ஒரு ஸ்பீக்கர் வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு சேனல்ல இருந்தும் ஒரு கிளை எடுத்து அதுக்கு அனுப்புறதுதான் ஆக்ஸ். ஃபேடருக்கு முன்னாடியே கிளை எடுக்கிறதால, கீழ நீங்க ஃபேடரை என்ன பண்ணினாலும் மேடையில இருக்கிறவருக்கு மாறாது. அதாவது ஒரே நேரத்துல ரெண்டு கச்சேரி நடக்குது, ஒண்ணு நமக்கு, ஒண்ணு அவங்களுக்கு. பாடகர் நடுவுல விரலை மேல காட்டினா உங்களைப் பார்த்துக் கை ஆட்டுறதா நினைச்சுக்காதீங்க, "எனக்கு ஏத்துங்க"ன்னு சவுண்டு அண்ணன்கிட்டக் கேட்கிறாரு.

அப்புறம் பான், இடது வலது பிரிக்கிறது. கோயில் திடல்ல மாமா அதைத் தொடவே மாட்டாரு, எல்லாம் நடுவுலதான். நான் ஒரு தடவை ஸ்டீரியோ பற்றி லெக்சர் அடிச்சேன். "இடது ஸ்பீக்கர் டீக்கடையைப் பார்த்து நிக்குது, வலதுல பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க. வயலினை இடதுல போட்டா டீ குடிக்கிறவன் மட்டும் வயலின் கேட்கணுமா?"ன்னாரு. என்கிட்டப் பதில் இல்ல.

கடைசியா ஃபேடர். அதுல ஒரு இடத்துல 0 போட்டிருக்கும், மேல பிளஸ் 10, கீழ எல்லாம் மைனஸ். இங்கதான் நம்ம பசங்க பாதிப் பேர் குழம்புவாங்க. பட்டாசுக்கு விதிப்படி, வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த 125, காதுக்குக் கேட்கிற மிக மெல்லிய அழுத்தத்தோட ஒப்பிட்டுச் சொல்ற கணக்கு. மிக்சர்ல 0 டெசிபல்னா அமைதி இல்ல. "உள்ள வந்தது அப்படியே வெளியே போகுது, நான் ஏத்தவும் இல்ல இறக்கவும் இல்ல"ன்னு அர்த்தம். டெசிபல்ங்கிறது ஒரு அளவு இல்லை, ஒரு ஒப்பீடு. எதோட ஒப்பிடுறோம்னு சொல்லாம டெசிபல் சொன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது.

இன்னொரு விஷயம். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தோணணும்னா கிட்டத்தட்ட 10 டெசிபல் ஏறணும், அதாவது பவர் பத்து மடங்கு. விழாக் கமிட்டித் தலைவர் வந்து "தம்பி, இன்னும் ஒரு மடங்கு ஏத்துப்பா"ன்னு சொல்றப்போ, ஆயிரம் வாட்ஸை அவர் பத்தாயிரம் வாட்ஸ் ஆக்கச் சொல்றாருன்னு அவருக்குத் தெரியாது.

இந்த 16 வரிசையும் கடைசியில ஒரு இடத்துல சேருது. நாலாவது செமஸ்டர் லேப்ல ஐசி 741 வெச்சு ஆடர் சர்க்யூட் கட்டினோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேட்டரி வோல்டேஜைக் கூட்டி மல்டிமீட்டர்ல பார்த்துட்டு கையெழுத்து வாங்கினோமே? ஒரு அனலாக் மிக்சரோட இதயம் அதுதான். ஒவ்வொரு சேனலும் ஒரு ரெசிஸ்டர் வழியா ஒரே புள்ளிக்கு வருது. அந்தப் புள்ளி விர்ச்சுவல் கிரவுண்டா இருக்கிறதால ஒரு சேனல் இன்னொண்ணை இழுக்காது. தவில் வாசிக்கிறவரு எவ்வளவு பலமா அடிச்சாலும் பாடுறவர் சேனல் அசையாது, கூட்டல் மட்டும் நடக்கும். அன்னைக்கு லேப்ல எனக்கு அதைப் பார்த்து ஒண்ணும் தோணல. அந்த வாரக் கடைசி மாமா மிக்சரைப் பார்த்தப்போதான் "அட, இது அதுல"ன்னு இருந்துச்சு.

ஒரே மைக் இருந்த பழைய ரெக்கார்டிங் காலத்துல இந்தக் கூட்டலைத் தூரத்தை வெச்சே செஞ்சாங்க. பாடுறவர் மைக் பக்கத்துல, வயலின் கொஞ்சம் தள்ளி, பலமான வாத்தியம் ரொம்பத் தள்ளி. ஆளை நகர்த்தினாதான் மிக்ஸ் மாறும். 2009ல ரசூல் பூக்குட்டி "ஸ்லம்டாக் மில்லியனர்"க்கு இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து வாங்கின ஆஸ்கர், ஒலிக்கலவைக்கான ஆஸ்கர். அதே கூட்டல்தான், ஆனா எதை எவ்வளவு கூட்டணும்ங்கிறதுக்கு விருது.

மைக் ஏன் கூவுதுன்னும் சொல்லிடுறேன். மைக் வாங்கின சத்தம் ஸ்பீக்கர்ல வந்து, அது மறுபடி மைக்குக்குள்ள போய், மறுபடி ஸ்பீக்கர்ல வரும். சுத்தி வர்றப்போ ஏதாவது ஒரு அலைவரிசை குறையாமத் திரும்பி வந்துட்டா முடிஞ்சது, அது மட்டும் வளர்ந்துக்கிட்டே போகும். ஆசிலேட்டருக்குப் பார்க்ஹாசன் விதி படிச்சோம்ல? இது யாரும் கேட்காமலே உருவான ஆசிலேட்டர். திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா, கூவாம ஏத்துறதுக்கு இருக்கிற இடம் 3 டெசிபல் குறையும். அதனால நல்ல சவுண்டு அண்ணனோட விரல் எப்பவும் மியூட் பட்டன் மேலயே இருக்கும். யாரும் பேசாத மைக்கை மூடி வைக்கிறதே பாதி வேலை.

இப்போ கதைக்கு வர்றேன்.

மாமாகிட்ட மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல ஒரு கிராஃபிக் ஈக்யூ உண்டு. 31 சின்ன ஸ்லைடர் வரிசையா இருக்கும். 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தத்தை 31 துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் 12 டெசிபல் ஏத்தலாம், இறக்கலாம். ஸ்லைடர்களோட தலையைச் சேர்த்துப் பார்த்தா ஒரு கோடு மாதிரித் தெரியும், அதான் கிராஃபிக்னு பேரு.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்போ பங்குனிப் பொங்கலுக்கு லீவ் போட்டு வந்திருந்தேன். பக்கத்து ஊர்க் கோயில். சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலம், ராத்திரி பாட்டுக் கச்சேரி. 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாதுன்னு போலீஸ்ல சொல்லியிருந்தாங்க. கச்சேரி ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துல முன்வரிசை ஆட்கள் நாற்காலியைத் தூக்கிட்டுப் பின்னால போனாங்க. ஒரு பாட்டி சேலைத் தலைப்பைக் காதுல அடைச்சுக்கிட்டாங்க. எனக்கே பல்லுக்குள்ள கூசுற மாதிரி இருந்துச்சு. "ச"வும் "ஸ"வும் ஊசி மாதிரி வந்து குத்துது.

ஆனா மாமா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "பாடுறது தெளிவாவே இல்லையே"ன்னு டிரிபிளை இன்னும் ஏத்துறாரு.

நான் இறக்கினேன். அவரு ஏத்தினாரு. நான் மறுபடி இறக்கினேன்.

"டேய், மந்தமா இருக்குடா. போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

"இல்ல மாமா, காது கிழியுது. எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க, பாருங்க."

"இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன். எனக்குத் தெரியாதா?"

அப்போ நான் சொன்னேன். வயர் இழுக்கிற ரெண்டு பசங்க, கச்சேரி மேனேஜர், கமிட்டிக்காரர் ஒருத்தர், எல்லாரும் பக்கத்துல நிக்கிறாங்க. "மாமா, உங்களுக்குக் காது கேட்கல. அதான் பிரச்சனை."

கோபத்துல வந்த வார்த்தை, நிஜமாவே காது கேட்கலன்னு நான் நினைக்கல. அவரு ஒண்ணும் பேசல. ஹெட்போனைக் கழட்டி மிக்சர் மேல வெச்சுட்டு ஜெனரேட்டர் பக்கம் போய் உட்கார்ந்துட்டாரு. நான் மேல் பக்கத்து ஸ்லைடர்களை இறக்கிட்டு மிச்சக் கச்சேரியை நடத்தினேன். போனவங்க நாற்காலியோட திரும்ப முன்னால வந்தாங்க. முடிஞ்சதும் கமிட்டிக்காரர் என் முதுகுல தட்டி, "மாமாவ விட நல்லாப் பண்றியேப்பா"ன்னாரு. அதை மாமா கேட்டாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சாமான் எல்லாம் ஏத்திட்டு வழக்கம்போல எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போனோம். விருதுநகர்ப் பக்கம் வந்தா நீங்களும் சாப்பிட்டுப் பாருங்க, நொறுங்கும். அன்னைக்கு அது எனக்கு இறங்கல. ரெண்டு பேரும் பேசாமச் சாப்பிட்டோம். காசு அவர்தான் கொடுத்தாரு.

வீட்டுல அம்மாகிட்டச் சொன்னேன், திட்டு விழுந்துச்சு. அப்புறம் அம்மாவே யோசிச்சு, "ஆனா இப்பல்லாம் அவன்கிட்ட ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யுறான்டா"ன்னாங்க. அத்தை அதுக்கு மேல சொன்னாங்க. சட்டையை எடுன்னா கட்டையை எடுக்கிறாராம். ஏழாவது படிக்கிற மக பேசினா "வாயில போட்டு மெல்லாத, நிறுத்திப் பேசு"ன்னு அதட்டுறாராம். ஆம்பளைங்க பேசினா நல்லாப் புரியுதாம். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. சத்தமே கேட்கலன்னா உடனே தெரிஞ்சிரும். அவருக்குச் சத்தம் கேட்குது, எழுத்துதான் கேட்கல. உயிரெழுத்தோட பலம் எல்லாம் கீழ் அலைவரிசையில இருக்கு. ச, ட, க, ப இதையெல்லாம் பிரிச்சுக் காட்டுற நுணுக்கம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கு.

மன்னிப்புக் கேட்கப் போனேன். எப்படிக் கேட்கிறதுன்னு தெரியாம, "மாமா, சும்மா ஒரு டெஸ்ட் எடுத்துரலாம், நானும் எடுக்கிறேன்"ன்னேன். ஒரு மாசம் இழுத்தடிச்சு மதுரையில ஒரு காது டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போனோம். சத்தம் வராத ரூம்ல உட்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, "பீப்" கேட்டா பட்டனை அழுத்தச் சொன்னாங்க. கண்ணாடிக்கு வெளியே இருந்து நான் மாமாவைப் பார்த்துட்டு இருந்தேன். ஆரம்பத்துல டக் டக்குனு அழுத்தினாரு. அப்புறம் ரொம்ப நேரம் அழுத்தவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, மிக்சர்கிட்ட நிக்கிற மாதிரியே கவனமாக் கேட்டுட்டு இருந்தாரு. உள்ள பீப் வந்துட்டுதான் இருந்திருக்கு.

ஆடியோகிராம்னு ஒரு தாள் கொடுத்தாங்க. குறுக்கே 250ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழ இறங்க இறங்கக் காது மோசம்னு அர்த்தம். மாமாவோட கோடு ஆயிரம் வரைக்கும் நேரா வந்து, அப்புறம் சரிஞ்சு, 4,000 கிட்ட ஒரு பள்ளத்துல விழுந்து, 8,000ல கொஞ்சம் மேல ஏறி நின்னுச்சு. சத்தத்தால கெட்ட காதுக்கு இந்த 4,000 பள்ளம் ஒரு அடையாளமாம். உள் காதுல இருக்கிற மயிர்ச் செல் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. சாம்பிள் வெடிச்ச காலமா, ஸ்பீக்கர் பக்கத்துல நின்ன காலமா, வயசா, எது எவ்வளவுன்னு டாக்டரால பிரிச்சுச் சொல்ல முடியல.

பஸ்ல திரும்பி வர்றப்போ என் போன்ல பழைய போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ஒவ்வொரு ப்ரோகிராம்லயும் செட்டிங்கை போட்டோ எடுத்து வைக்கிறது என் பழக்கம். பொங்கல் அன்னைக்குச் சண்டைக்கு முன்னாடி எடுத்த கிராஃபிக் ஈக்யூ. 31 ஸ்லைடர்ல இடது பக்கம் சமமா இருந்துச்சு. வலது பக்கம் 2,500ல இருந்து மெல்ல ஏறி, 3,150, 4,000, 5,000ல உச்சிக்குப் போய், அப்புறம் இறங்குச்சு. ஒரு குன்று. மடியில இருந்த ஆடியோகிராம்ல அதே இடத்துல ஒரு பள்ளம்.

அளவு ஒண்ணு இல்லதான். அவரோட பள்ளம் ரொம்ப ஆழம், ஸ்லைடர் 12 டெசிபல்தான் ஏறும். இன்னும் ஏறியிருந்தா அதையும் ஏத்தியிருப்பாரு. நல்ல காதுக்கு ரொம்பக் கூர்மையாக் கேட்கிறதும் அதே 2,000 – 5,000 பகுதிதான். 1933லயே பெல் ஆய்வகத்துல ஃப்ளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாப் போட்டுட்டாங்க. அதாவது அவருக்கு எங்க கேட்கலையோ, சரியா அங்கதான் ஊருக்கு வலிச்சிருக்கு.

அவரு மிக்ஸ் தப்பில்ல. அவரு காதுக்கு அது கச்சிதமான மிக்ஸ். படிப்படியா, வருஷாவருஷம், தனக்கே தெரியாம அவரு தன் குறையைச் சரி பண்ணிட்டே வந்திருக்காரு.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. "அப்போ இத்தனை நாளா என் காதைக் கழட்டி ஊருக்கு மாட்டி விட்டிருக்கேன்"ன்னாரு. அதுக்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் அப்போதான், "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா"ன்னு சொன்னேன். பஸ் சத்தத்துல அவருக்குக் கேட்டுச்சான்னு தெரியல. மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு என் தொடையில ஒரு தட்டு தட்டினாரு.

மக்களே, மிக்சர்ல எல்லாத்துக்கும் மீட்டர் இருக்கு. கெய்ன் அதிகமானா சிவப்பு எரியும். ஆனா அந்த மேஜைக்கு முன்னால நிக்கிற காதுக்கு மீட்டர் கிடையாது. அது குறைஞ்சா எந்த லைட்டும் எரியாது. உலகம்தான் மந்தமாயிட்டதா நினைச்சுக்குவோம், இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்.

மாமா தொழிலை விடல. கெய்ன் வைக்கிறது, மைக்கை எங்க வைக்கிறது, பாஸ் எவ்வளவு, எந்த மைக்கை எப்போ மூடணும், இதுல அவரை அடிச்சுக்க நான் இன்னும் பத்து வருஷம் நிக்கணும். மேல் பக்கம் மட்டும் அவரு இப்போ கண்ணால பார்க்கிறாரு. பழைய மிக்சரைக் கொடுத்துட்டுக் கைமாத்தா ஒரு டிஜிட்டல் மிக்சர் வாங்கினோம். எந்த அலைவரிசை எவ்வளவு ஏறுதுன்னு ஸ்கிரீன்ல பட்டை பட்டையாத் தெரியும். அதுக்கு மேல, சவுண்டு செக் அப்போ மகளைத் திடல் நடுவுல நிக்க வெச்சு, "குத்துதா?"ன்னு கேட்கிறாரு. அவ கட்டை விரலை மேலயோ கீழயோ காட்டுவா. அவ இப்போ ஒன்பதாவது.

எனக்குச் சென்னையில ஐடி கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. சவுண்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்த பங்குனிக்கு லீவ் கிடைக்குமான்னு தெரியாது. இந்தப் பங்குனிக்குப் போயிருந்தப்போ, 4,000 பக்கம் லேசாக் குத்துச்சு. நான் கையை நீட்டுறதுக்குள்ள ஒரு சின்னக் கை குறுக்கே வந்து ரெண்டு டெசிபல் இறக்கிட்டுப் போச்சு. மாமா ஸ்கிரீனைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. நான் எந்திரிச்சு வயர் சுத்தப் போயிட்டேன்.

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்ற அளவு: 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறப்பவும் நேரம் பாதியாகும். 88ல 4 மணி நேரம், 100ல 15 நிமிஷம். கச்சேரி நடக்கிற இடங்கள்ல சராசரி 100ஐத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமும் 2022ல சொல்லியிருக்கு. நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி இயர்போன் மாட்டிக்கிட்டுத் தூங்குறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். நானும் அதுல ஒருத்தன். மதுரையில நான் எடுத்த டெஸ்ட்டுல என் கோடும் 4,000 கிட்ட லேசா ஒரு குழி விழுந்துதான் இருந்துச்சு. மாமாகிட்ட இன்னும் அதைக் காட்டல.

அடுத்த கல்ச்சுரல்ஸ்ல ஒரு அஞ்சு நிமிஷம் மேடைக்கு முதுகைக் காட்டிட்டு அந்த மேஜைகிட்ட வந்து நில்லுங்க. சவுண்டு அண்ணனைத் தொந்தரவு பண்ணாம, ஒரு வரிசையை மட்டும் மேல இருந்து கீழ படிச்சுப் பாருங்க. வர்றப்போ ரெண்டு காதுக்கும் பஞ்சு இல்ல, ஒரு நல்ல இயர்பிளக் எடுத்துட்டு வாங்க. முடிஞ்சா அந்த அண்ணனுக்கும் ஒரு ஜோடி.